படத்தில் பெய்யாத மழை

மேற்குக் கரையில் நிற்கும் ஒரு ரேடார் அனுப்பும் மழைப் படத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அலைபேசித் திரையில் அது ஒரு பெரிய வட்டமாக விரியும். நடுவில் ரேடார் இருக்கும் கடலோர நகரம். சுற்றிலும் மாவட்ட எல்லைகள், மெல்லிய கோடுகளாக. மழை பெய்யும் இடத்தில் நிறம் இருக்கும். நீலம் தூறல். பச்சை, கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வைக்கும் மழை. மஞ்சளைத் தாண்டிவிட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் மாறும். தமிழ் இலக்கியம் படிக்க மதுரைக்கு வந்து விடுதியில் சேர்ந்த பிறகு, இந்தப் படத்தைப் பார்த்த அளவுக்கு எந்தப் பாடநூலையும் நான் பார்த்ததில்லை.

என் பெற்றோர் பூம்பாறையில் பூண்டு போடுகிறவர்கள். எங்கள் நிலம் மலைச்சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கையும் தாங்கி நிற்பது, சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் வைத்துக் கட்டிய கல்கட்டு. சாதாரண மழையால் அதற்கு ஒன்றும் ஆகாது. விடாமல் அடித்துப் பெய்தால்தான் அடுக்கில் நீர் தேங்கும். தேங்கிய நீர் கல்கட்டின் முதுகில் ஊறும். ஊறிய கல்கட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், வயிறு தள்ளும். பிறகு ஒரு நேரத்தில் சரியும். அதற்கு முன்பே யாராவது போய், மேல் அடுக்கில் தொடங்கிக் கீழ் அடுக்குவரை ஓரத்து மடைகளை வெட்டித் திறந்து, நீரை ஓடைக்கு இறக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அப்பாவுடையது. வானம் முழங்கினால் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மம்பட்டியோடு கிளம்பிவிடுவார்.

ஆகவே அம்மா காலையில் என்னை அழைத்தால் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாக இராது.

"இன்னைக்கு எப்படி?" என்பாள்.

நான் படத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வேன். அவள் திரும்பி அதை அப்பாவிடம் சொல்வது எனக்குக் கேட்கும். நான் "வரலாம்" என்று சொன்னது அவள் வாயில் "வருதாம்" என்று ஆகியிருக்கும். அந்த ஓர் அசையின் வேறுபாட்டுக்குள்தான் என் கவலை முழுவதும் இருந்தது. ஏனென்றால் நான் பார்த்துச் சொல்லும் வட்டத்தில் எங்கள் ஊருக்குப் பெய்யும் மழை தெரிவதே இல்லை.

மேற்கிலிருந்து வரும் ரேடாரின் கதிர் மூணாறுப் பக்கத்து உச்சிகளில் மோதி நின்றுவிடுகிறது. அந்த உச்சிகளுக்குப் பின்னால், படத்தில் ஆப்பு வடிவில் ஒரு வெற்றிடம் விழுகிறது. விறகு பிளக்க அடிக்கும் ஆப்பைப் போல மேற்கே கூராகத் தொடங்கிக் கிழக்கே வரவர அது அகலும். கூக்காலும் பூம்பாறையும் அதற்குள் இருக்கின்றன. கொடைக்கானல் அதன் விளிம்பில். செண்பகனூரும், பெருமாள்மலையிலிருந்து பெரியகுளத்துக்கு இறங்கும் அடுக்கம் சாலையும் வெளியே. கிழக்குக் கரையிலும் ரேடார் உண்டு. ஆனால் அது வெகு தொலைவு. பூமியின் வளைவால் அதன் கதிர் எங்கள் மலைக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலான மேகங்களுக்கு மேலே ஏறிப்போய்விடுகிறது. இதில் யாருடைய பிழையும் இல்லை. மலை உயரமாக இருக்கிறது. கதிர் நேராகப் போகிறது.

ஒரு விடுமுறையில் சித்தப்பாவுக்கு இதை விளக்க முயன்றேன். அப்பாவின் தம்பி, பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு ஊர்ப் பூண்டைச் சந்தைக்கு ஏற்றிப்போகிறவர். என் அலைபேசியை வாங்கி, படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

"ரேசன் கார்டுல பேரு இருக்கு. ஓட்டு லிஸ்ட்ல இருக்கு. இதுல மட்டும் நம்ம ஊரு இல்லையாக்கும்?"

"ஊரு இருக்கு சித்தப்பா. அங்க பெய்யிற மழதான் தெரியாது."

"அப்ப பெஞ்சாலும் பெய்யலம்பான்."

"பெய்யலன்னு சொல்லல. தெரியலன்னு சொல்லுது."

"ரெண்டும் வெள்ளையாத்தான கெடக்கு," என்று சொல்லி அலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் ரேடாரு. டீக்கடையில் என்னைக் கண்டால், பக்கத்தில் இருப்பவரிடம், "ஏலே, தள்ளி உக்காரு. அதுக்கு முன்னால நின்னு மறைச்சிராத," என்பார்.

எங்கள் மலைக் கிராமங்களின் இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இடி இடித்தால் அலைபேசியை அணைத்துவிடுவார்கள். மின்னலை அது இழுக்கும் என்பது நம்பிக்கை. ஊரில் ஒரு மாடு செத்ததற்கும், ஒரு தென்னந்தட்டிக் கொட்டகை எரிந்ததற்கும், அப்போது அங்கே நின்று யாரோ பேசிக்கொண்டிருந்ததே காரணம் என்று இன்றும் சொல்வார்கள். அப்பா அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அம்மா அணைத்ததோடு நிற்க மாட்டாள். பழைய துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பாள். கூக்காலில் இருக்கும் சித்தி, அம்மாவின் தங்கை, முதல் முழக்கத்துக்கே அணைத்துவிட்டு, பல நாளில் மறுநாள் காலையில்தான் நினைவு வந்து எடுப்பாள்.

"அது இடிய இழுக்காதும்மா. படிச்சவங்க சொல்றாங்க," என்று நான் ஒரு முறை சொன்னேன்.

"படிச்சவங்க வீட்டு மேல விழட்டும். அப்பறம் வந்து சொல்லச் சொல்லு," என்றாள் அம்மா.

இந்த வழக்கம் எனக்கு ஒரு வகையில் பயன்பட்டது என்று சொன்னால் விநோதமாக இருக்கும். படம் காட்டாத இடத்தில் மழை எங்கே இருக்கிறது என்பதை நான் அணைந்த எண்களிலிருந்து தெரிந்துகொண்டேன். பூம்பாறையில் அம்மாவுக்கு மணி போனால் அங்கே இன்னும் இடி இல்லை. "அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று பதிவுக் குரல் வந்தால் இடி வந்துவிட்டது. பிறகு கூக்காலுக்கு அழைப்பேன். அங்கே மணி போனால் மேகம் இரண்டு ஊருக்கும் நடுவில். செண்பகனூரில் கடை வைத்திருக்கும் அத்தை நகரத்துப் பழக்கத்துக்கு வந்துவிட்டவள். அவள் எதற்கும் அணைக்க மாட்டாள், ஆகவே என் கணக்கில் அவள் இல்லை. விடுதி அறையில் உட்கார்ந்து, ஆட்கள் பேசாமற்போவதைக் கொண்டு ஒரு வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு சந்தை நாள். புகை போட்டுப் பரணில் வைத்திருந்த பூண்டை மலைக்குக் கீழே வடுகபட்டிக்குக் கொண்டுபோய்விட்டு வர அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளனே கிளம்பினார்கள். முந்தைய வாரம்தான் அடுக்குகளில் புதுப் பூண்டு நட்டிருந்தது. காலையில் நானே அழைத்தேன். கிழக்கே சமவெளியின் மேல் பச்சை திட்டுத் திட்டாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அது மலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, வரும்போது வத்தலக்குண்டு வழியா வாங்க. அடுக்கம் ரோடு வேணாம். மதியத்துக்கு மேல அந்தச் சரிவுலதான் மொதல்ல பெய்யும்."

"வத்தலக்குண்டு சுத்தி வந்தா இருட்டிப் போயிரும் தாயி. மழ எறங்கறதுக்குள்ள வெரசா வீட்டுக்கு வந்து மடையப் பாக்க வேணாமா?"

பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. "ரேடாரு என்ன சொல்லுது? வழியில எந்தக் கடையில பஜ்ஜி சூடா இருக்குன்னு கேளுங்க."

அப்பா சிரித்தார். அவர் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. மழைக்கு முன் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பதற்காகவே மழை முதலில் விழும் சாலையில் வர வேண்டியிருந்தது. முந்தைய விடுமுறையில் அவர் அலைபேசியில் இருப்பிடத்தை எனக்குக் காட்டும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தேன். அதைப் போட்டுவிடச் சொன்னேன். போட்டுவிட்டார்.

மதியம் வகுப்பு முடிந்ததும் துறை நூலகத்தில் சன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். அன்றைய வகுப்பு முல்லைத் திணை: கார்காலம் வந்த பின்னும் வந்து சேராதவருக்காக வீட்டிலிருந்து காத்திருப்பது. குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மழைப் படத்தையும் மறுபக்கத்தில் சாலை வரைபடத்தையும் மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்தேன். வரைபடத்தில் அப்பா ஒரு நீலப் புள்ளி. சமவெளியிலிருந்து கும்பக்கரையைத் தாண்டி அந்தப் புள்ளி வளைவு வளைவாக ஏறியது. மழைப் படத்தில் அதே சரிவின்மேல் மஞ்சள் வந்து நின்றது. அடுத்த படத்தில் அதன் நடுவில் சிவப்பு.

புள்ளி ஒரு வளைவில் நின்றுவிட்டது.

அப்பாவை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. சித்தப்பாவை அழைத்தேன். அவருடையதும் அப்படியே. இடி இடித்திருக்கும், இருவரும் அணைத்திருப்பார்கள். இதைவிடத் தெளிவான காரணம் வேறில்லை. ஆனால் மண் சரிந்து வண்டியின்மேல் விழுந்திருந்தாலும் அந்தப் புள்ளி அதே இடத்தில், அதே நீலத்தில்தான் நின்றிருக்கும்.

அம்மாவை அழைத்தேன். மணி போயிற்று.

"இங்க ஒரு பொட்டு இல்ல. துணி காயுது," என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "இடிச்சிருக்கும். அமத்திப் போட்டுருப்பாரு. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் கொரலு அப்படிப் போகுது? படிக்கிற சோலியப் பாரு."

செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி அந்த வளைவைப் பெரிதாக்கினேன். அது எப்போதோ ஒரு வெயில் நாளில் எடுக்கப்பட்டது. சாலை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. மரங்களின் நிழல்கள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன. அந்த வெயிலின்மேல் அப்பாவின் புள்ளி அசையாமல் இருந்தது. அந்தச் சாலை வழியாகப் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று வரைபடம் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவே விரைவான வழி என்றும் சொன்னது.

பேரிடர் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். அட்சரேகையும் தீர்க்கரேகையும் சொன்னேன்.

"பக்கத்துல கோயிலு, டீக்கடை, ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லங்க. ஒரு வளைவு மட்டும்தான்."

"மலையில எல்லாமே வளைவுதானம்மா," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. குறித்துக்கொண்டதாகவும், அந்தப் பக்கத்து ஆட்களிடம் சொல்வதாகவும் சொன்னார். ஒரு கஜத்துக்குள் துல்லியமாக நான் அறிந்திருந்த இடத்தை இன்னொருவர் போய்ச் சேரும்படிச் சொல்ல என்னால் முடியவில்லை.

சிவப்பு மேற்கே நகர்ந்து, அடுக்கம் சரிவில் மஞ்சள் பச்சையாகிக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார். எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன்.

"ஒண்ணும் இல்ல தாயி. முன்னால மரத்தோட மண்ணும் சரிஞ்சு ரோட்ட அடைச்சிருச்சு. வண்டியத் திருப்பிக் கீழ எறக்கிட்டோம். பெரியகுளத்துக்கிட்ட வந்துட்டோம். இனி வத்தலக்குண்டு வழிதான்."

நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"அம்மாவுக்குப் போட்டுப் பாத்தேன். போகல. நீ பேசிச் சொல்லிரு. கடைசி அடுக்குக்கு மட்டும் எறங்க வேணாம்னு சொல்லு."

"ஏன்ப்பா?"

"அந்தக் கல்கட்டு வயிறு தள்ளிக் கெடக்கு. நேத்துப் பாத்தேன். உங்கம்மாகிட்டச் சொல்லல. சொன்னா நா இல்லாத நேரமாப் பாத்துத் தானே கல்ல முட்டுக் குடுக்கப் போயிருவா. ஆளு கூட்டியாந்து பிரிச்சுக் கட்டலாம்னு இருந்தேன். இப்ப நா வர நேரமாகும். மழ எறங்கினா அவதான் மம்பட்டியத் தூக்கிட்டுப் போவா. மேல உள்ளதெல்லாம் தெறந்து விடட்டும். கடைசிக்கு வேணாம். மறந்துராத."

மறக்கக்கூடிய செய்தியா அது. ஒரே ஒரு வாக்கியம். கடைசி அடுக்குக்கு இறங்காதே.

அம்மாவை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

மழைப் படத்தைத் திறந்தேன். மேகம் கொடைக்கானலுக்கு வந்திருந்தது. ஆப்பின் விளிம்பில் அது கத்தரியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் முடிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவப்பு. அந்தப் பக்கம் வெள்ளை. ஒவ்வொரு படத்திலும் சிவப்பு கோட்டுக்குள் நுழைந்து காணாமற்போய்க்கொண்டிருந்தது. பார்க்கிறவருக்கு மேகம் கரைந்து முடிவதாகவே தோன்றும். மழை குறைந்துவருகிறது, இன்னும் சற்று நேரத்தில் நின்றுவிடும் என்று அந்தப் படத்தை நம்பும் எவரும் சொல்வார்கள். அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத் திரையில் வராத அந்தப் பக்கத்தில் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு எண் அணைந்திருந்தது. எதிர் வீட்டு எண்ணும். ரேஷன் கடைக்காரர், பள்ளிக்கூடத்துச் சமையல் அக்கா, வாடகை ஜீப் வைத்திருப்பவர் என்று என்னிடம் இருந்த பூம்பாறை எண்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழைத்தேன். ஒரே பெண்ணின் ஒரே பதிவுக் குரல் ஒவ்வொரு முறையும் ஒரே பணிவோடு ஒன்றையே சொன்னது. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தது. இடி ஊரின் தலைக்கு மேலேயே நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செண்பகனூர் அத்தை எடுத்தாள். தகரக் கூரைமேல் மழை விழும் ஓசையில் அவள் கத்திக் கத்திப் பேசினாள்.

"பூம்பாறை பஸ் ஸ்டாண்ட்லயே நிக்குதாம். சர்வீஸ ஸ்டாப் பண்ணிட்டாங்க. வழியில மரம் விழுந்து கெடக்குங்கிறாங்க. ஒரு ஆட்டோக்காரன்கூட வர மாட்டேங்கிறான். நா என்ன பண்ணட்டும், சொல்லு?"

கூக்கால் சித்தியை அழைத்தேன். மணி போயிற்று. மேகம் இன்னும் அங்கே போகவில்லை.

"சித்தி, அங்கயிருந்து பூம்பாறைப் பக்கம் யாராவது வண்டியில வர்றாங்களா?"

"இந்நேரத்துக்கு ஏது வண்டி? சாயங்காலம் வர்ற பஸ்ஸையே காணோம். எதுக்குக் கேக்குற?"

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். கடைசி அடுக்குல..."

அவள் பக்கத்தில் இடி இடித்தது எனக்கும் கேட்டது. மரப்பெட்டியை உருட்டியது போன்ற நீண்ட முழக்கம்.

"ஆத்தி, இங்கயும் வந்துருச்சு. வெச்சிர்றேன் தாயி, காலையில பேசு."

"சித்தி, வெக்காதீங்க. ஒரு நிமிசம்..."

வைத்துவிட்டாள். உடனே திரும்ப அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

இப்போது எனக்கு மிகச் சரியாகத் தெரிந்தது. மழை பூம்பாறையின்மேல் இருக்கிறது. அதன் முன்விளிம்பு கூக்காலைத் தொட்டுவிட்டது. ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் பெய்கிறது. எந்த ரேடாரும் காட்டாத ஒன்றை, எந்தக் கருவியும் இல்லாமல், நான் துல்லியமாகக் கணித்திருந்தேன். என் கையிலிருந்த வாக்கியத்தை அந்தக் கணிப்பு ஓர் அடிகூட முன்னால் நகர்த்தவில்லை. அலைபேசி அரிசிக்குள் கிடந்தது. அம்மா மழைக்குள் இருந்தாள்.

இருட்டிய பிறகு விடுதித் தோழி ஒருத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அலைபேசியில் மழைப் படத்தைத் திறந்து எனக்குக் காட்டினாள். அவள் கடலோர ஊர்க்காரி, புயலுக்குப் பழகியவள்.

"பாரு, உங்க மலையில ஒண்ணுமே இல்ல. வெள்ளையா இருக்கு. பேசாம தூங்கு," என்றாள்.

நல்லெண்ணத்தோடு சொன்னாள். அவளுக்கு ஆப்பை விளக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்பாவும் சித்தப்பாவும் கொடைக்கானல்வரை வந்து, அதற்கு மேல் வழியில்லாமல் அத்தை வீட்டில் தங்கியிருந்தார்கள். "சொல்லிட்டியா?" என்று அப்பா அழைத்துக் கேட்டார். "இல்லப்பா," என்றேன். "சரி, சாப்பிட்டுப் படு," என்றார். அன்றிரவைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை.

காலையில் அம்மாவே அழைத்தாள்.

"என்னடி, இத்தனை மிஸ்டு கால் மெசேஜ் வந்து கெடக்கு? யாருக்கு என்ன?"

அவள் குரல் எப்போதும்போல இருந்தது.

"கடைசி அடுக்கு..." என்றேன்.

"அதையேன் கேக்குற. போயிருச்சு." அடுப்பில் ஏதோ கொதிக்கும் ஓசை கேட்டது, அவள் அதைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "மேல உள்ள மடையெல்லாம் வெட்டி விட்டுட்டுக் கீழ எறங்கப் போனேன். கடைசிக்கு எறங்குற படிக்கு முன்னால செருப்பு சேத்துல மாட்டிக்கிருச்சு. புதுச் செருப்பு. விட்டுட்டுப் போக மனசு வரல. குனிஞ்சு புடுங்குறேன், புடுங்குறேன், வர மாட்டேங்குது. அப்பத்தான் கீழ ஒரு சத்தம். நிமிந்து பாத்தா கல்கட்டையும் காணோம், நட்ட பூண்டையும் காணோம். எல்லாம் ஓடைக்குப் போயிருச்சு. கடைசியில பாத்தா செருப்பும் அந்துருச்சு."

செருப்பு அறுந்ததற்குத்தான் அவள் அதிகம் வருந்தியதுபோல இருந்தது. நான் அப்பா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக என்னிடம் இருந்த வாக்கியம் அது. சொல்லி முடித்தபோது அதற்குப் பொருளே இல்லாமற்போயிருந்தது. மறுமுனையில் கிண்டும் ஓசை நின்றது.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

அப்பா மதியத்துக்கு முன் வீடு வந்து சேர்ந்தார். அவர்கள் பேசிக்கொண்டதைச் சித்தப்பா எனக்குப் பிறகு சொன்னார். அப்பா நேரே போய்க் கடைசி அடுக்கு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஈரம் காயாத சேற்றில் அம்மாவின் காலடிகள் நின்றுபோன இடத்தில் வெகுநேரம் நின்றாராம். அம்மா பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"எங்கிட்டச் சொன்னா கல்லத் தூக்கப் போயிருவேன்னுதான சொல்லல?" என்று கேட்டிருக்கிறாள். "இப்பக் கல்லே இல்ல. இனிமே தைரியமாச் சொல்லுங்க."

சிரிப்பை அடக்கத் தெரியாத சித்தப்பா அன்று சிரிக்கவில்லையாம்.

அந்த நாளின் படங்களை எல்லாம் நான் சேமித்து வைத்திருக்கிறேன். வரிசையாக ஓட்டினால், கிழக்கிலிருந்து பச்சை வருகிறது. அடுக்கம் சரிவில் சிவக்கிறது. கொடைக்கானல்வரை வந்து நேர்கோட்டில் மறைகிறது. அதன் பிறகு வரும் படங்களில் எங்கள் ஊர் வெள்ளையாகவே இருக்கிறது. ஓர் அடுக்கு முழுவதையும் ஓடையில் இறக்கிய மழை அந்தப் படங்களில் பெய்யவே இல்லை. எத்தனை முறை ஓட்டினாலும் பெய்வதில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது அலைபேசியைப் பற்றி மட்டும் பேசுவது என்று உறுதி செய்துகொண்டேன். இடி இடித்தாலும் அணைக்க வேண்டாம், வீட்டுக்குள் வைத்திருந்தால் ஆபத்தில்லை, அன்று திறந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று வரிசையாகச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு அடிச்ச இடிக்கு அமத்தாம இருந்திருந்தா இன்னைக்கு யாருகிட்ட இப்படிப் பேசுவா, கேளுங்க."

அப்பா இதில் அம்மாவின் பக்கம். நான் மதுரைக்குத் திரும்பினேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள், மதியத்துக்குப் பிறகு கிழக்கே மறுபடி பச்சை எழுந்தது. மீதமிருந்த அடுக்குகளில், இப்போது கடைசியாகிவிட்டிருந்த அடுக்கின் கல்கட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்துச் சன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் செண்பகனூரைத் தாண்டியது. மஞ்சளாயிற்று. இந்த முறை முந்திக்கொள்ள வேண்டும் என்று, அது ஆப்பின் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே அம்மாவை அழைத்தேன். மணி போயிற்று. எடுத்தாள்.

"அம்மா, மழ வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க வந்துரும்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். கொடைக்கானலுக்கு வந்துருச்சு. நீ..."

"சரி. நல்ல வேள, இடிக்கிறதுக்கு முன்னாலயே சொன்ன," என்றாள். "அப்ப இப்பவே அமத்தி அரிசிக்குள்ள போட்டுர்றேன்."